திண்ணையில் இருக்கும் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு

காலை ஏழு மணி. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் தெருவோரமாக வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் பாடசாலைக்குப் போகின்றனர். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் இரையத் தொடங்கிவிட்டன. வெங்காயப் பாத்திகளில் களை பிடுங்கவும் மிளகாய் ஆயவும் கூலிக்குப் போகும் தாய்மார் சோற்றுப் பாத்திரத்துடன் விரைந்து நடக்கின்றனர்.

அந்த நேரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கின்றது. தெருவில் போகும் பிள்ளைகளை அது பார்த்துக்கொண்டே இருக்கின்றது. ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று விசாரித்தால் தாயிடமிருந்து வரும் பதில் எம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். "இவனுக்குக் கால் ஏலாது. பள்ளிக்கூடத்தில பாத்துக்கொள்ள ஆள் இல்லையாம். கொஞ்சம் வளந்தாப் பொறகு கொண்டு வரச் சொன்னாங்க."

காலுக்குப் பதிலாகக் கண் என்றோ காது என்றோ சொல்லலாம். "விளக்கம் காணாது" என்றும் சொல்லலாம். பதில் மாறினாலும் முடிவு ஒன்றுதான். பிள்ளை திண்ணையிலேயே வளர்கின்றது. கொஞ்சம் வளர்ந்தபின் கொண்டுபோனால், வயது கூடிவிட்டது என்ற வேறொரு பதில் காத்திருக்கும்.

இந்தத் தாய்க்கு ஒரு விடயத்தை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடு உண்டு என்ற காரணத்துக்காக அப்பிள்ளையைச் சேர்க்க மறுப்பதை எமது நாட்டின் சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆகவே பாடசாலை வாசலில் அவர் கேட்டு நிற்பது தயவு அல்ல. அது தன் பிள்ளையின் உரிமை.

சுமந்து வந்த பிள்ளைகள்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து எழுபதாயிரம் வரையிலான மக்கள் வெளியேறினர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் எமது புத்தளம் மாவட்டமே. வயலையும் தோட்டத்தையும் மாட்டையும் விட்டுவந்த விவசாயிகள் இங்கே மணற்றரையில் கிடுகுக் கொட்டில் போட்டு, மற்றவர் தோட்டத்தில் கூலிக்கு நின்று, வாழ்க்கையை மீண்டும் தொடங்கினர்.

அந்தப் பயணத்தில் நடக்க முடியாத பிள்ளைகளும் இருந்தனர். பெற்றோர் அவர்களை விட்டுவிட்டு வரவில்லை. நகையை விட்டார்கள், காணி உறுதியை விட்டார்கள், பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஆனால் முகாம் வாழ்க்கையில் கிடுகுக் கொட்டிலிலும் மாலை வகுப்பிலும் பாடசாலை நடந்த காலத்தில், அப்பிள்ளைகள் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று பாடசாலை காணாத பிள்ளைக்கு இன்று நாற்பது வயதாகின்றது. பெயரெழுதத் தெரியாது. வங்கிப் படிவத்தில் கைநாட்டு வைக்கின்றார். தாயும் தந்தையும் கண்மூடினால் யார் பார்ப்பது என்ற கேள்வி அவ்வீட்டில் தினமும் எழுகின்றது. அதே நிலை பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கும் வரவேண்டுமா?

இது ஓரிரு குடும்பங்களின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறக்குறைய 16 இலட்சம் பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலியவற்றில் ஏதோவொரு இடர்ப்பாடு உண்டு. அதாவது 100 பேரில் சுமார் 9 பேர்.

சட்டம் என்ன சொல்கின்றது?

முதலாவதாக, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காகவே இது ஆக்கப்பட்டது. இதன் 23ஆம் பிரிவு தடுக்கும் பாரபட்சங்களில் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று வேலைக்கு ஆள் சேர்ப்பது. மற்றையது கல்வி நிறுவனத்தில் அனுமதி வழங்குவது. இப்பிரிவு மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்து பரிகாரம் கேட்க 24ஆம் பிரிவு வழி செய்கின்றது.

இரண்டாவதாக, கட்டாயக் கல்வி விதிகள். 1998 தொடக்கம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் இது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. இந்தக் கட்டாயம் பெற்றோருக்கு மட்டும் என்று பலர் நினைக்கின்றனர். பிள்ளையை அனுப்புமாறு பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசு, அனுப்பப்பட்ட பிள்ளையை ஏற்கவும் கடமைப்பட்டது அல்லவா?

மூன்றாவதாக, எமது அரசியலமைப்பு. அதன் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. அதே உறுப்புரை, பெண்கள், சிறுவர், வலது குறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்றும் சொல்கின்றது. ஆகவே ஒரு பிள்ளைக்குச் சாய்தளம் கட்டிக்கொடுப்பதோ பரீட்சையில் மேலதிக நேரம் வழங்குவதோ மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி ஆகாது.

நான்காவதாக, இலங்கை உலகத்துக்குக் கொடுத்த வாக்குறுதிகள். 1991இல் எமது நாடு ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. அதன் 23ஆம் உறுப்புரை வலது குறைந்த பிள்ளைகளைப் பற்றியது. 2016 பெப்ரவரியில் வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய சமவாயத்தையும் ஏற்றது. இதன் 24ஆம் உறுப்புரை முழுவதும் கல்வியைப் பற்றியது. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுவான கல்வி முறையிலிருந்து விலக்கக்கூடாது, அப்பிள்ளைக்கு வேண்டிய நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும், பார்வையற்றோருக்குப் பிரெயில் எழுத்தும் செவிப்புலனற்றோருக்குச் சைகை மொழியும் கிடைக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சமவாயத்தில் நாடு கையொப்பமிட்டு ஏற்றாலும், அது தானாகவே எமது நீதிமன்றங்களில் சட்டமாகிவிடாது. அதற்கெனப் பாராளுமன்றம் சட்டம் ஆக்க வேண்டும். ஆகவே அதிபரின் முன் நிற்கும்போது உங்கள் கையில் இருக்கும் உறுதியான பிடி 1996ஆம் ஆண்டுச் சட்டமே. சமவாயம் அந்தப் பிடிக்கு வலுச் சேர்க்கின்றது.

இடம்பெயர்ந்தவருக்கு உரிமை குறைவா?

"நாங்கள் இந்த ஊரார் இல்லையே, எங்களுக்கு யார் தருவார்கள்?" என்ற தயக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. அவற்றின் 4ஆம் கோட்பாடு, இடம்பெயர்ந்தோருள் வலது குறைந்தவர்களுக்கு அவர்களின் நிலைக்கு ஏற்ற பாதுகாப்பும் உதவியும் உண்டு என்கின்றது. 20ஆம் கோட்பாடு, இழந்துபோன ஆவணங்களை அதிகாரிகள் மீண்டும் வழங்க வேண்டும் என்கின்றது. 23ஆம் கோட்பாடு கல்வி உரிமையைச் சொல்கின்றது. இவை சட்டமல்ல, வழிகாட்டிகள். ஆனாலும் இவற்றின் அடிப்படை எளிமையானது. வீட்டை இழந்தவர் உரிமையை இழந்தவராகார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையா? பிறப்புப் பதியப்பட்டிருந்தால், பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதியப்படவேயில்லை என்றால் காலந்தாழ்த்திப் பதிய வழியுண்டு. அதுவும் முடியாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஏற்பாடு இருக்கின்றது. உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னுமொரு விடயம். 2009இல் யுத்தம் முடிந்தபின் பல குடும்பங்கள் வடக்கில் ஒரு காலும் புத்தளத்தில் ஒரு காலுமாக வாழ்கின்றன. தந்தை மன்னாரில் வயல் பார்க்கிறார், தாயும் பிள்ளைகளும் இங்கே. இடையிடையே பாடசாலை மாறும்போது அதிகம் பாதிக்கப்படுவது விசேட தேவையுள்ள பிள்ளைதான். பழகிய ஆசிரியரையும் பழகிய வழியையும் அது ஒரே நாளில் இழக்கின்றது. மாறத்தான் வேண்டும் என்றால், விடுகைப் பத்திரத்துடன் பிள்ளை எதை எப்படிக் கற்றது என்ற ஆசிரியரின் குறிப்பையும் கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். புதிய பாடசாலையில் இடம் உறுதியான பின்னரே பழைய இடத்தை விடுங்கள்.

விசேட வகுப்பா, சாதாரண வகுப்பா?

இலங்கையில் விசேட கல்வி புதியதொன்றல்ல. 1912இல் செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை தொடங்கப்பட்டது. அது பின்னர் இரத்மலானையில் இயங்கியது. 1960களின் இறுதியில் பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துக் கற்பிக்கும் முறை ஆரம்பமாகியது. பின்னர் சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் அமைந்தன. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, சாதாரண பாடசாலையே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய இடம், பாடசாலைதான் பிள்ளைக்கேற்ப மாறவேண்டும் என்று பிரகடனம் செய்தனர்.

எது நல்லது என்பது பிள்ளையைப் பொறுத்தது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியரும், சைகை பேசும் மற்றப் பிள்ளைகளும் தேவை. மொழி பதியும் இளம் வயது வீணாகப் போனால் பின்னர் ஈடு செய்வது மிகக் கடினம். ஆனால் கால் இயலாத பிள்ளைக்கு விசேட வகுப்பு எதற்கு? படிப்பது காலால் அல்லவே! அப்பிள்ளைக்கு வேண்டியது வகுப்பறைக்குள் போக ஒரு வழி மாத்திரமே.

எமது மணற்றரையில் சக்கர நாற்காலி புதையும் என்பது உண்மை. வாயிலிலிருந்து வகுப்பறை வரை சீமெந்துக் கற்களைப் பதித்து இறுக்கினால் நாற்காலி ஓடும். படிக்குப் பதில் சாய்தளம் கட்டுவதானால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கட்ட வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் பிள்ளை தானாக ஏற முடியாது. மலசலகூடத்தின் வாசலும் நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். இதை மறந்ததாலேயே வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகின்றனர்.

பார்வை குறைந்த பிள்ளையை முன்வரிசையில், வெளிச்சம் விழும் இடத்தில் இருத்துங்கள். செவி மந்தமான பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் அதற்கு எதுவும் விளங்காது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துத் திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் செலவாகாது. பொதுப் பரீட்சைகளில் பிரெயில் வினாத்தாள், எழுதி உதவுபவர், மேலதிக நேரம் போன்ற சலுகைகள் உண்டு. இவற்றைப் பாடசாலை அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்திடம் உரிய காலத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் கேட்டால் கிடைக்காது.

கட்டடங்கள் பற்றியும் சட்டம் உண்டு. பொது இடங்களை வலது குறைந்தோர் பயன்படுத்தக்கூடியவாறு அமைக்கும் விதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. விதிகள் தாளிலேயே கிடந்தன. வீதியில் மரம் விழுந்த விபத்தில் 1992இல் கால்கள் செயலிழந்த அஜித் பெரேரா என்பவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே உயர் நீதிமன்றத்தை நாடினார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி, புதிய பொதுக் கட்டடங்களில் அவ்விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. உங்கள் பாடசாலையில் புதிய கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது, சாய்தளம் எங்கே என்று கேட்க அபிவிருத்திச் சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

கேட்பது எப்படி?

முதலில் மருத்துவமாதுவிடம் பிள்ளையைக் காட்டி, அவர் மூலம் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காதையும் கண்ணையும் பரிசோதிப்பது மிக அவசியம். "விளக்கம் காணாது" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு உண்மையில் காது கேளாமல் இருந்திருக்கலாம். வைத்தியரின் அறிக்கையை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, பாடசாலைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இதுதான் முக்கியம். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். அது கச்சான் காற்றில் மணலில் பதிந்த அடிபோல அழிந்துவிடும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு, என் மகனுக்கு ஆறு வயது. கால்கள் இயலாது. அவனை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டுகிறேன். வைத்திய அறிக்கை இத்துடன் உண்டு. கீழ்த்தளத்தில் வகுப்பறையும் வாசலில் ஒரு சாய்தளமும் அவனுக்குப் போதும். சேர்க்க முடியாதெனில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கருத்திற்கொண்டு அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

திகதி இட்டு, கையொப்பமிட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது கிராமத்துப் படித்த இளைஞரின் கடமை. பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டே சாட்சி.

அதிபர் பகைவர் அல்லர். பெரும்பாலும் அவருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. உங்கள் கடிதம் இருந்தால் அவரும் மேலிடத்தில் கேட்கலாம். எமது மாவட்டத்தில் புத்தளம், சிலாபம் என இரண்டு கல்வி வலயங்கள் உண்டு. பதில் வராவிட்டால் உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் அதே கடிதத்தின் பிரதியுடன் செல்லுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மாதாந்த உதவிப்பணம் ஆகியவை பற்றி விசாரியுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் மறுத்தால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணமில்லை, தமிழில் எழுதலாம். ஆனால் ஒரு மாத காலம் என்பதை மறக்க வேண்டாம். அரசாங்க நிறுவனம் ஒன்று அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அது விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது.

அயலவரும் மாற வேண்டும்

சில வேளை கதவை மூடுவது பாடசாலை அல்ல, மற்றப் பெற்றோர். 2016இல் எமது வடமேல் மாகாணத்திலேயே நடந்ததை நினைவுகூரலாம். ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்று என்ற வதந்தி பரவியது. அவன் படிக்க வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று மற்றப் பெற்றோர் மறித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள கல்வி உரிமையை நீதிமன்றம் வலியுறுத்தியது. சிறுவனுக்குப் பாடசாலை கிடைத்தது. அது வலது குறைந்த பிள்ளையின் வழக்கு அல்ல. ஆனால் அயலவரின் அச்சம் ஒரு பிள்ளையின் உரிமையைப் பறிக்க முடியாது என்ற பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

எங்கள் வீடுகளுக்குள்ளும் மாற வேண்டியது உண்டு. மூத்தவளின் கலியாணம் தடைப்படும் என்று இளையவனை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கின்றது. "நொண்டி", "செவிடன்", "விசரி" என்ற சொற்கள் பிள்ளையின் பெயரையே விழுங்கிவிடுகின்றன. நாமே பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளையை, பாடசாலை இடாப்பில் பெயர் எழுதி ஏற்குமா?

உங்கள் கிராமத்தில் பாடசாலை போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? மாதர் சங்கக் கூட்டத்தில் அல்லது கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இந்தக் கேள்வியை ஒருமுறை கேளுங்கள். பெயர்களை எழுதுங்கள். ஒரு தாய் தனியே போனால் "பிறகு வாருங்கள்" என்பார்கள். ஐந்து தாய்மார் கடிதத்துடன் சேர்ந்து போனால் உட்காரச் சொல்வார்கள்.

1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோதும் இந்தப் பிள்ளைகளை நாம் வழியில் விடவில்லை. பாடசாலை வாயில் வரை இன்னும் சிறிது தூரம்தான் இருக்கின்றது. கடிதத்தை எழுதுங்கள். பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அந்தத் திண்ணை வெறுமையாக இருக்கட்டும்.